ரயில் பெட்டி சாய்ந்து தெரிவது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில், நிலையத்தில் நிற்காமல் விரைந்து கடக்கும் ரயிலின் படம் ஒன்று வெளியானது. அதைப் பற்றி இரு வாசகர்கள் எழுதிய கடிதங்களைச் சென்ற வாரம் படித்தேன். பெட்டிகளின் கதவுகளும் சன்னல்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க, நடைமேடை விளக்குக் கம்பம் மட்டும் நேராக நிற்பதால், அது கணினியில் திருத்தப்பட்ட படம் என்று ஒருவர் எழுதியிருந்தார். டிஜிட்டல் கேமராவில் ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் என்ற ஒன்றே கிடையாது, காதில் விழுவது வெறும் ஒலிப்பதிவு, ஆகவே படம் முழுவதும் ஒரே கணத்தில்தான் பதிவாகும், சாய்வதற்கு வழியே இல்லை என்பது மற்றவரின் வாதம். கும்பகோணத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக ஸ்டூடியோ நடத்தி வருபவன் என்ற முறையில், இரண்டுமே தவறு என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். படத்தை எடுத்த இளைஞர் எனக்கு அறிமுகமில்லாதவர். ஆனாலும் அவர் செய்யாத ஒன்றுக்காக அவருக்குக் கெட்ட பெயர் வருவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

ஒலிப்பதிவு என்று அந்த வாசகர் சொன்னது கைபேசிக்குப் பொருந்தும். கைபேசிக் கேமராவுக்குள் அசைகின்ற ஷட்டர் இல்லை. அதன் 'கிளிக்' ஒலிபெருக்கியிலிருந்து வருவது. ஆனால் லென்ஸைக் கழற்றி மாட்டுகின்ற கேமராக்களில் பெரும்பாலானவற்றில், ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னால் மெல்லிய தகடுகளால் ஆன இரண்டு திரைகள் இன்றும் இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் முதல் திரை விலகிச் சென்சாரைத் திறக்கிறது. நாம் குறித்த நேரம் கழிந்ததும் இரண்டாம் திரை அதே திசையில் பின்தொடர்ந்து வந்து மூடுகிறது. ஃபுல் ஃப்ரேம் எனப்படும், பழைய ஃபிலிம் அளவிலான, 24 மி.மீ. உயரமுள்ள சென்சாரை ஒரு திரை கடந்து முடிக்க ஏறத்தாழ 1/300 நொடி ஆகும். நாம் 1/4000 நொடி என்று வைத்தாலும் திரையின் ஓட்டம் கூடுவதில்லை. முதல் திரை சிறிது தூரம் போவதற்குள் இரண்டாம் திரையும் கிளம்பிவிடுகிறது, அவ்வளவுதான். அப்போது சென்சார் முழுவதும் ஒருசேரத் திறந்திருக்கும் கணம் என்று ஒன்று இல்லை. இரு திரைகளுக்கும் நடுவே 2 மி.மீ.க்கும் சற்றுக் குறைவான ஒரு இடைவெளி சென்சாரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகர்ந்து செல்கிறது. பிளாஷ் போடும்போது 1/200 அல்லது 1/250 நொடிக்கு மேல் போகக் கூடாது என்று ஸ்டூடியோவில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இதனால்தான். பிளாஷ் கண்சிமிட்டும் நேரம் மிகக் குறுகியது; அந்த நேரத்தில் சென்சார் முழுவதும் திறந்திருக்காவிட்டால் படத்தின் ஒரு பகுதி மட்டும் வெளிச்சமாகி மற்றது இருண்டு போகும்.

மின்னணுச் சென்சாருக்கு எதற்குத் திரை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 24 மெகாபிக்சல் சென்சார் ஒன்றில் ஒளியைப் பதியும் புள்ளிகள் (பிக்சல்கள்) ஏறத்தாழ 4000 வரிசைகளாக உள்ளன. இன்று ஏறத்தாழ எல்லாக் கேமராக்களிலும் இருக்கும் சிமாஸ் (CMOS) வகைச் சென்சார், தன்மேல் விழுந்த ஒளியின் கணக்கை ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை என்றுதான் வெளியே அனுப்பும். வேகம் குறைந்த சென்சார்களில் இதற்கு 1/25 நொடியோ அதற்கு மேலோகூட ஆகிறது. முதல் வரிசையைப் படித்துக்கொண்டிருக்கும்போது கடைசி வரிசையின்மேல் ஒளி விழுந்துகொண்டே இருந்தால் கணக்கு கெட்டுவிடும். இரண்டாம் திரை மூடிக்கொண்டால் உள்ளே இருட்டு. அந்த இருட்டில் சென்சார் நிதானமாகத் தன் வரிசைகளைப் படித்து முடிக்கலாம். டிஜிட்டல் கேமராவில் திரை செய்கின்ற பெரிய உதவி இந்த இருட்டைத் தருவதுதான்.

திரையே இல்லாமல், ஓசையின்றி எடுக்கவும் இப்போது வசதி உண்டு. அதற்கு மின்னணு ஷட்டர் என்று பெயர். ஒரு வரிசையில் அதுவரை சேர்ந்திருந்த மின்னூட்டத்தை அழிப்பது அதன் கதவைத் திறப்பதற்குச் சமம். குறித்த நேரம் கழித்து அந்த வரிசையைப் படிப்பது கதவை மூடுவதற்குச் சமம். எல்லா வரிசைகளுக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்க வேண்டுமானால், படிப்பது எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அதே நிதானத்தில்தான் அழிப்பதும் நகர வேண்டும். ஆகையால் 1/8000 நொடி என்று வைத்தாலும், ஒவ்வொரு வரிசைக்கும் அந்த 1/8000 நொடிதான் கிடைக்குமே தவிர, முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையிலுள்ள 1/25 நொடி அப்படியே இருக்கும். புதிதாகக் கேமரா வாங்கும் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. ஷட்டர் ஸ்பீடைக் கூட்டினால் சாய்வு போய்விடும் என்று நம்பி, படம் கூர்மையாக இருந்தும் கோணலாக வருவதைப் பார்த்து லென்ஸைக் குறை சொல்கிறார்கள்.

இனி அந்த ரயிலுக்கு வருகிறேன். அந்தப் படம் மின்னணு ஷட்டரில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். மணிக்கு 90 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால், ரயில் ஒரு நொடிக்கு 25 மீட்டர் நகர்கிறது. முதல் வரிசை பதிவாகிக் கடைசி வரிசை பதிவாவதற்குள், அதாவது 1/25 நொடியில், 1 மீட்டர்; அதனால்தான் பெட்டியின் மேலும் கீழும் வெவ்வேறு இடத்தில் பதிந்து சாய்வாகத் தெரிகிறது. படத்தில் நமக்கு அருகிலுள்ள பெட்டி, படத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்திருக்கிறது. அப்படியானால் அதன் கூரைக்கும் அடிக்கும் இடையே ஏறக்குறைய 65 செ.மீ. விலகல் வர வேண்டும். அச்சான படத்தின்மேல் அடிக்கோலை வைத்து, கதவின் அகலத்தோடு ஒப்பிட்டு அளந்தேன்; கணக்கோடு பெரிதும் ஒத்துப்போகிறது. இதே காட்சியைத் திரை ஷட்டரில் எடுத்திருந்தால் அந்த விலகல் 6 செ.மீ.க்குள் அடங்கியிருக்கும், யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. மேலும், அருகிலுள்ள பெட்டி அதிகமாகவும் தொலைவில் போகப் போகப் பெட்டிகள் குறைவாகவும் சாய்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தொலைவிலுள்ள பொருள் சென்சாரின்மேல் மெதுவாக நகர்வதால் சாய்வும் குறைகிறது. கம்பம் நகரவில்லை, எனவே சாயவில்லை. கணினியில் பொய்யாகச் செய்ய நினைப்பவர் இத்தனை நுணுக்கமாக, இயற்கையின் கணக்குக்கு ஒத்துவரும்படி செய்திருப்பார் என்று நம்புவதற்கில்லை.

இந்தச் சாய்வு டிஜிட்டல் கேமராவோடு பிறந்ததும் அல்ல. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஜாக் ஆன்றி லார்ட்டிக் நூறாண்டுகளுக்கு முன் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் மக்களோ எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். கேமராவுக்குள் இடைவெளி நகர்ந்துகொண்டிருந்தபோது அவர் காரைத் தொடர்ந்து கேமராவையும் திருப்பியதால் வந்தது அது. அந்தப் படத்தைப் போலி என்று யாரும் தள்ளவில்லை. வேகத்தைக் காட்டிய படம் என்று உலகம் இன்றும் போற்றுகிறது.

மின்னணு ஷட்டரின் குணம் எனக்குப் புரிந்தது ஒரு கச்சேரியில். ஆலாபனை நடக்கும்போது கேமரா சத்தம் கேட்கக் கூடாது என்று சபாவினர் கேட்டுக்கொண்டதால், அன்று முழுவதும் ஓசையில்லாத ஷட்டரிலேயே எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தபோது, பாடகியின் முகத்திலிருந்து தம்பூரா வரை படத்தின் குறுக்கே நான்கு இருண்ட பட்டைகள். ஏறத்தாழ எல்லாப் படங்களிலும் அப்படியே. மேடையில் புதிதாகப் போட்டிருந்த எல்இடி விளக்குகள்தான் காரணம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதில் நேரடியாக எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். சென்சார் வரிசைகளைப் படித்து முடிக்கும் 1/25 நொடிக்குள் விளக்கு நான்கு முறை மங்கியிருக்கிறது. அதனால்தான் நான்கு பட்டைகள். அன்று 1/320 நொடிக்குப் பதிலாக 1/100 அல்லது 1/50 நொடி வைத்திருந்தால், ஒவ்வொரு வரிசைக்கும் முழுச் சுழற்சி ஒளி கிடைத்துப் பட்டைகள் மறைந்திருக்கும். அந்தப் பாடகி அதன் பிறகு அதிக நாள் மேடை ஏறவில்லை என்பதால், அந்த மாலையை இழந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஓசையில்லாத ஷட்டரை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் எழுதவில்லை. திரை ஷட்டருக்கு ஆயுள் உண்டு. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் படங்கள் என்று நிறுவனங்கள் கணக்குச் சொல்கின்றன. ஒரு திருமணத்துக்கு மூவாயிரம் படங்கள் எடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஐம்பது அறுபது முகூர்த்தங்களில் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. மின்னணு ஷட்டருக்குத் தேய்மானமே இல்லை. சென்சார்களின் வேகமும் கூடி வருகிறது. 2021-இல் வந்த நிக்கான் இசட்9 கேமராவில் திரையே இல்லை. அதன் சென்சார் வரிசைகளைப் படித்து முடிக்கும் நேரம் பழைய திரையின் ஓட்டத்துக்கு ஏறக்குறைய இணையாகிவிட்டது. 2023-இல் சோனி அறிவித்த ஆல்ஃபா 9 மூன்றாம் பதிப்பு ஒரு படி மேலே போய், எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் மூடுகிறது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் அதன் கணக்கைத் தற்காலிகமாகப் பத்திரப்படுத்த ஓர் இடம் ஒதுக்கியதால் இது முடிந்தது. இரண்டாம் வாசகர் மனத்தில் வைத்திருந்த கேமரா ஒருவேளை இதுவாக இருக்கலாம். ஆனால் விலை காரணமாக அது நம்மில் மிகச் சிலரின் கைக்கே எட்டும். மற்ற எல்லாரும் வரிசை வரிசையாகப் படிக்கும் சென்சாரை வைத்துத்தான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

படங்களைச் சந்தேகிக்க நியாயமான காரணங்கள் மிகுந்த காலம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படிச் சந்தேகம் வரும்போது, எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேமரா, என்ன ஷட்டர் ஸ்பீடு என்பது அதிலேயே பதிந்திருக்கும். சில கேமராக்கள் மின்னணு ஷட்டரா, திரையா என்பதையும் குறித்து வைக்கின்றன. தங்கள் அலுவலகம் அந்த இளைஞரிடம் கோப்பைப் பெற்று, அதில் உள்ள விவரங்களை வரும் ஞாயிறு இணைப்பில் படத்தோடு மறுபடியும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் சோதித்துப் பார்க்க விரும்பும் வாசகர்கள், பகல் வெளிச்சம் நன்றாக விழும் அறையில் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, கீழே நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். நேரான இறக்கைகள் வளைந்து தெரியும்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ உரிமையாளர் ஒருவர்,
கும்பகோணம்.