சுவரோடு சாய்ந்து நிற்கும் படங்கள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

ஐந்து படம் தொடங்கி ஒன்றும் முடியவில்லை, இது எனக்குச் சரிவராது போல என்று வொய்ஸ் அனுப்பியிருந்தாய். போனில் கதைத்தால் அம்மா இடையில் புகுந்து உன்னுடைய சாப்பாட்டுக் கதைக்குப் போய்விடுவா. அதனால் எழுதுகிறேன்.

நம்மட விறாந்தையிலும் இப்ப மூன்று நிற்கின்றன. அதில் எனக்கு வெட்கமில்லை. அம்மாவுக்குத்தான் கோபம், உடுப்புக் காயப்போட இடமில்லையாம்.

உன்னுடைய ஐந்தும் எதற்காக நிற்கின்றன என்று ஒருக்கா பார். காய்வதற்காக நிற்கிற படம் வேறு, நீ தொடப் பயந்து நிற்கிற படம் வேறு.

எண்ணெய் வர்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்துத்தான் இறுகும். அதனால் நிறத்துக்கு நிறம் கணக்கு மாறும். அம்பர் மண்ணிறத்தில் மங்கனீசு இருப்பதால் கெதியாகக் காயும். டைட்டேனியம் வெள்ளை இழுத்தடிக்கும். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் எனக்குக் கவலையில்லை. கார்த்திகை மழையில் நாள் கணக்காக விரலில் ஒட்டும். மெல்பேர்ண் குளிரிலும் மெதுவாகத்தான் இருக்கும். அந்த இடைவெளியில் அடுத்த படத்துக்குப் போவதை நீ ஏன் குற்றமாக நினைக்கிறாய்? அவசரப்பட்டு அடியில் எண்ணெய் கூடின பூச்சையும் மேலே குறைந்ததையும் போட்டால், மேல் இறுகி அடி இறுகாமல் பிறகு வெடிக்கும்.

நீர்வர்ணத்தை மட்டும் இந்தச் சுற்றில் சேர்க்காதே. பாதி காய்ந்த இடத்தில் திரும்பத் தண்ணீர் பட்டால் பூப்பூவாகத் திட்டு விழும். வடமோடிக் கூத்துக் கிரீடம் ஒன்றை நான் நீர்வர்ணத்தில் இப்படித்தான் வரைகிறேன்: ஒரு பகுதியில் கை வைத்தால் அதை முடித்துவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு எழும்புவது.

எழும்பும்போது கன்வஸின் பின்பக்கம் பென்சிலால் ஒரு வரி எழுது: அடுத்து எந்த இடம், என்ன கலவை. கிழமை கழித்து வந்தால் அந்த நீலத்தை எதோடு கலந்தாய் என்று உனக்கே தெரியாது.

திகதி உள்ள வேலை வந்தால் மற்றதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பவேண்டும். அண்மையில் 31ஆம் நாளுக்கு வைக்க ஒரு பெரியவரின் படம் கேட்டு வந்தார்கள். அக்கிரிலிக்கில் செய்து கொடுத்தேன். செத்த வீட்டுக்காரரிடம் பெயின்ட் காயவில்லை என்று சொல்ல ஏலுமா? லியனார்டோவும் முடிக்காமல் விட்டவர்தானே என்று நீ சொல்வாய். 1481இல் துறவிகள் கேட்ட, குழந்தை இயேசுவை ஞானிகள் வணங்கும் படத்தைப் பாதியில் விட்டு மிலானுக்குப் போனவர் அவர். அந்தத் துறவிகள் காத்திருந்து பார்த்துவிட்டு வேலையைப் பிலிப்பினோ லிப்பியிடம் கொடுத்தார்கள்; அவர் புதிதாக ஒன்றை வரைந்து 1496இல் முடித்தார். லியனார்டோவின் படம் இன்றைக்கு புளோரன்ஸ் நகரத்து உஃபிசி காட்சியகத்தில் தொங்குகிறது, சரி. நானும் நீயும் லிப்பியின் பக்கம் நிற்போம்.

கல்லடிப் பாலத்துப் படம் உனக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்தில் புதுப் பாலத்தின் வேலை நடந்த காலத்தில் தொடங்கினது. 2013இல் புதியது திறந்த பிறகு, நான் வரைய நினைத்த தனி இரும்புப் பாலம் கண்ணுக்கு இல்லை. நினைவிலிருந்து முடிப்பதா, புதியதையும் சேர்ப்பதா? தூரிகையைப் பிடித்துக்கொண்டு இதற்கு விடை தேடினால் வாவித் தண்ணீரைத்தான் திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருப்பேன். அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் மற்றதுகள் நகர்ந்தன.

நீ அனுப்பின போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு படம் காய்வதற்காகத்தான் நிற்கின்றன, அதை விடு. அம்மம்மாவின் படத்தில் பின்னணியை மாற்றி மாற்றிப் பூசியிருக்கிறாய், கண்ணை இன்னும் தொடவில்லை. உண்ணாணை மகள், அந்தப் பின்னணியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை. கண்ணைப் போடு, இல்லையென்றால் கொஞ்சக் காலம் உள்ளே வை.

மூக்குத்தியும் பக்கம் மாறிக் கிடக்குது என்று அம்மா சொல்றா. பழைய அல்பத்தில் தேடிக்கொண்டிருக்கிறா, கிடைத்தால் நாளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவா.

அன்புடன்,
அப்பா