வண்டி ஓடுகிறது: எரிந்த 1930 பிக்கப்புக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போன நண்பர்களே,

வண்டி ஓடுகிறது. பாதிப் பேர் இதைப் படிப்பதே அதைத் தெரிந்துகொள்ளத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1930 மாடல் ஏ ஃபோர்டு பிக்கப். அதே சேஸிஸ், அதே கேபின், அதே ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சின் (வால்வுகள் மேல்மூடியில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும் பழைய வகை, எட்டு சிலிண்டர்). நன்றாகச் சூடேறிய பிறகும் ஐடிலிங் நிதானமாக நிற்கிறது. ஸ்டியரிங்கை விட்டால் நேராகப் போகிறது.

கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வது வழக்கம். அவர்களிடம் வருகிறேன். அதற்கு முன்னால், என் கையைப் பிடித்துத் தடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீயில் தப்பிய பழைய வண்டியை, அப்புறம் அவசரத்தில் நல்லெண்ணத்தோடு செய்கிற வேலைகள் கொன்றுவிடும். "இதைச் செய்யாதே" என்று சரியான நேரத்தில் சொல்ல ஆள் இருந்ததால்தான் இந்த வண்டி பழைய இரும்புக்குப் போகவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தீச்சுவரை ஒட்டி வரும் பெட்ரோல் குழாயையும் பம்பையும் இணைக்க, யாரோ எப்போதோ ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ் மாட்டியிருந்தார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளேயிருந்து கெடுக்கும். வெளியே தடவிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அது பிளந்தது. ஃபிளாட்ஹெட் எஞ்சினில் டைனமோ உட்கார்ந்திருப்பது எஞ்சினின் உச்சியில், கார்புரேட்டர்களுக்குப் பக்கத்தில். பெட்ரோலும் அங்கே, டைனமோ பிரஷ்ஷின் பொறியும் அங்கே. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று முதலில் ஓடி வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன், கையில் பவுடர் தீயணைப்பானோடு. பானட்டை அகலத் திறக்கப் போனவர்களை அதட்டி நிறுத்தி, ஒரு விரல் இடுக்கு மட்டும் தூக்கி அதன் வழியாக அடித்தார். முழுசாகத் திறந்திருந்தால் காற்று புகுந்து கேபின் மொத்தமும் போயிருக்கும். பின்னால் வந்த தீயணைப்பு வீரர்களும் அவர் செய்ததுதான் சரி என்றார்கள். அவர்கள் தண்ணீரை அளவாகப் பயன்படுத்தியதையும், கொதித்துக்கொண்டிருந்த எஞ்சின் பிளாக்கின் மேல் நேராக அடிக்காமல் பார்த்துக்கொண்டதையும் நான் கவனித்தேன். சூடான வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். அவசரத்திலும் அதை நினைத்துப் பார்த்தீர்களே, அதற்குத் தனி நன்றி.

இங்கே முகம் தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் மாடல் ஏ வண்டியில் பெட்ரோல் டேங்க் இருப்பது டாஷ்போர்டுக்குப் பின்னால், ஓட்டுநரின் முழங்காலுக்கு நேராக. பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக இறங்கி எஞ்சினுக்கு வரும். இந்த வண்டிக்குப் பிற்கால வி8 எஞ்சினைப் போட்டு ஹாட் ராடாக, அதாவது வேக வண்டியாக, மாற்றிய பழைய உரிமையாளர் யாரோ, அந்த டேங்கைக் கழற்றிவிட்டுப் பின்பெட்டியில் புதிதாக ஒன்று வைத்திருந்தார். அது முன்னாலேயே இருந்திருந்தால் இந்த மடலே இல்லை. அந்த ரப்பர் ஹோஸை மாட்டியவரும் அவராகவே இருக்கலாம் என்று என் மைத்துனர் சொல்கிறார். இருக்கட்டும், நன்றி நன்றிதான்.

இப்போது தடுத்தவர்கள்.

மறுநாள் காலை வண்டியைப் பார்க்க வந்த மூத்த மெக்கானிக் ஐயா, எஞ்சினில் கை வைக்கவே விடவில்லை. சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர் இரண்டும் உருகி வழிந்திருந்தன. துத்தநாகக் கலவை, 400 டிகிரி கூடத் தாங்காது. மேலே மூடி போன பிறகு, தீயணைக்க அடித்த பவுடர் மொத்தமும் இன்டேக் வழியாக உள்ளே இறங்கியிருக்கும், ஒரு சுற்று சுற்றினாலும் சிலிண்டர் சுவரில் கோடு விழும் என்றார். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது வால்வுகளின் மேல் மஞ்சள் மாவு படிந்து கிடந்தது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை, சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

வண்டியைக் கழுவச் சொல்லி நச்சரித்தவர் வேதியியல் படித்த தங்கை. அந்தப் பவுடரில் இருப்பது அம்மோனியம் பாஸ்பேட். ஈரம் சேர்ந்தால் அமிலமாகி இரும்பையும் அலுமினியத்தையும் தின்ன ஆரம்பித்துவிடும். வயர்களின் பிளாஸ்டிக் எரிந்த புகையிலும் அமிலம் உண்டு. பெயிண்டும் எண்ணெயும் எரிந்துபோன வெற்று இரும்புக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அவர் ஆப்பச்சோடா கலந்த வெந்நீரால் ஒவ்வொரு மூலையையும் துடைக்க வைத்து, காயவைத்து, மெல்ல எண்ணெய் பூச வைத்தார். நடுவில் ஒருமுறை, கருகிய ஆயில் சீல் ஒன்றை வெறுங்கையால் எடுக்கப்போன தம்பியைப் பார்த்துக் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சில வகை செயற்கை ரப்பர் அதிக வெப்பத்தில் எரிந்தால் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தை விட்டுவைக்குமாம். தோல் வழியாக உள்ளே போய் எலும்பு வரை பாதிக்கும் அமிலம் அது. கையுறைப் பெட்டியை அவரே வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார்.

ஸ்பிரிங்குக்கு வருகிறேன். மாடல் ஏ வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்குவாட்டில் பட்டா ஸ்பிரிங். முன்னால் இருந்தது பார்க்க முழுசாக இருந்தது. கரியைத் துடைத்தால் போதும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கொல்லுப்பட்டறை அண்ணன் மட்டும் தரையிலிருந்து இரண்டு பக்கமும் அளந்து பார்த்தார். இடது பக்கம் இறங்கியிருந்தது. பதம் போட்ட எஃகு ஓரளவுக்கு மேல் சூடாகி மெதுவாக ஆறினால் பதம் இறங்கிவிடும். உடையாது, வளையும், ஒருநாள் வளைவிலே வண்டியைக் கவிழ்க்கும். அவர் அதைக் கழற்றி, பழைய பட்டாக்களை யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று வெட்டியே போட்டுவிட்டார். அதே கையோடு, ஸ்டியரிங்கையும் முன் சக்கரங்களையும் இணைக்கும் டிராக் லிங்க் கம்பியின் மூட்டுக்குள்ளே இருக்கும் சின்னஞ்சிறு ஸ்பிரிங்குகளையும் மாற்றச் சொன்னார். ஸ்டியரிங் கைவிட்டால் பெரிய ஸ்பிரிங் இருந்து என்ன பயன்?

அப்புறம் டிங்கரிங். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகடுகள் வெப்பத்தில் நீண்டு, அலை அலையாக நெளிந்து போயிருந்தன. வலது கதவின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 'டொப்' என்று உள்ளே போகும், எடுத்தால் மறுபடி 'டொப்' என்று வெளியே வரும். மணல் அடித்து எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடலாம், மீதியைப் பட்டி பார்த்து மூடிவிடலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். டிங்கர் அண்ணன் சிரித்துவிட்டார். அகலமான தகட்டில் வேகமாக மணல் அடித்தால் அதுவே இன்னும் நெளியும். பட்டியோ, துள்ளுகிற தகட்டின் மேல் நிற்காது, சீக்கிரமே பொரிந்து விழும்.

அவர் செய்தது இதுதான். துள்ளும் இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவி, நீண்டுபோன இடத்தின் நடுவைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பார். சாக்பீஸால் ஒரு புள்ளி. கேஸ் சுடரை மெல்லியதாக வைத்து, அந்த இடத்தில் ஒரு சின்ன நாணயம் அளவுக்கு மட்டும் சிவக்கச் சூடேற்றுவார். தகடு மெல்லக் கொப்பளம்போல எழும்பும். சுடரை விலக்கிவிட்டு, பின்னால் இரும்புத் தாங்கு கட்டையை வைத்து, சுத்தியலால் மூன்று நான்கு தட்டு. அழுத்தி அல்ல, தட்டிக் கொடுப்பது போல. சிவப்பு மங்கும் நேரத்தில் ஈரத்துணி. 'சுர்ர்' என்று ஆவி வரும். ஆறும்போது அந்தப் புள்ளி சுற்றிலும் உள்ள தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒரு புள்ளி முடிந்ததும் கையால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்துபோய்த் தேநீர் குடிப்பார். நான் அவசரப்பட்டால், "தகடு இன்னும் முடிவு பண்ணலை" என்பார். கடைசியில் கதவை அழுத்தினால் சத்தமே இல்லை. பட்டி ஏறத்தாழத் தேவைப்படவில்லை. அந்தக் கதவுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. அடித்துவிட்டால் அவர் வேலை யாருக்கும் தெரியாமல் போய்விடுமே என்று ஒரு சின்ன வருத்தம்தான். அவரோ, யாருக்கும் தெரியாமல் போவதுதான் டிங்கர் வேலை என்கிறார்.

கேபினின் கூரைக்கு வேறு மாதிரிச் சிக்கல். அந்தக் காலத்துக் கூரையில் நடுப்பகுதி இரும்பு இல்லை. மரச்சட்டமும் அதன் மேல் துணியும்தான். ஃபோர்டு கார்களுக்கு முழு இரும்புக் கூரை வந்ததே 1937இல். தீ மேலே ஏறியதும் முதலில் போனது அதுதான். தச்சர் ஐயா கருகிய சட்டத்தின் மிச்சத்தைக் காகிதத்தில் பதித்து அச்செடுத்தார். எரிந்துபோன பக்கத்துக்கு, நல்ல பக்கத்தின் அச்சையே திருப்பிப் போட்டு வரைந்தார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது, அந்தக் காலத் தொழிற்சாலையிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எச்சரித்தார். சொன்னபடியே ஒரு மூலையில் சீவிச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

எஞ்சின் பிளாக்கைக் காப்பாற்றிக் கொடுத்த லேத் பட்டறைக் குழுவுக்கு எப்படிச் சொல்வது! எங்கள் எஞ்சின் 59ஏபி. அது இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வந்த பிளாக், 239 கன அங்குலம். 1953க்குப் பிறகு அமெரிக்காவில் ஃபோர்டு கார்களுக்கு ஃபிளாட்ஹெட் வரவில்லை, ஆக நல்ல பிளாக் என்பது நாளுக்கு நாள் குறைகிற சரக்கு. ஹெட்டைப் பிளாக்கோடு பிடித்துவைக்கும் திருகாணிகளான ஸ்டட், ஹெட் ஒன்றுக்கு 24. பாதிக்கு மேல் தண்ணீர் ஓடும் அறைக்குள் நீட்டிக்கொண்டிருப்பவை, துருப்பிடித்து இறுகியவை. முறுக்கினால் உடையும். அவர்கள் ஒவ்வொன்றையும் சூடாக்கி, மெழுகு விட்டு, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தே எடுத்தார்கள். பிறகு காந்தத் தூள் போட்டு விரிசல் பார்த்தார்கள். வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவில்தான் இந்த எஞ்சின் வழக்கமாக விரியும். அங்கே ஒன்றும் இல்லை என்றதும் பட்டறையே கைதட்டியது.

கார்புரேட்டர் அனுப்பியவருக்கு: நீங்கள் பெட்டிக்குள் பெயரோ முகவரியோ வைக்கவில்லை. 97 என்று பொறித்த அசல் உடல் இரண்டு, கூடவே தோல் வாஷர் வைத்த பம்ப் பிஸ்டன். அவை நன்றாக வேலை செய்கின்றன. பெட்ரோல் அழுத்தம் இரண்டரை பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் ரெகுலேட்டர் வைத்திருக்கிறோம். அதற்கு மேல் போனால் ஊசி வால்வு தாங்காது, பெட்ரோல் வழிந்துவிடும். மறுபடி ஒருமுறை எங்களால் ஆகாது.

வயரிங் போட்ட தங்கைக்கு: நீ வரைந்து கொடுத்த படத்தை லேமினேட் செய்து கதவுப் பையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ஃபியூஸ், இருக்கைக்குக் கீழே பேட்டரி மெயின் சுவிட்ச், வெளித்தோற்றத்துக்குப் பழைய மாதிரித் துணி சுற்றிய வயர். ஹெட்லைட்டுக்கு ரிலே வேண்டும் என்று நீ பிடித்த பிடிவாதம் சரிதான். ஹோஸ் விஷயம் தெரிந்திருக்கும்: இப்போது முழுக்க எஃகுக் குழாய், கடைசியில் வளையும் துண்டு மட்டும் எத்தனால் தாங்கும் வகை, தேதி எழுதிய சீட்டோடு.

சாப்பாடு கொண்டுவந்தவர்கள், டார்ச் பிடித்தவர்கள், ராத்திரி சுத்தியல் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வரியில் நன்றி சொல்வது நியாயமில்லைதான். வந்து ஏறுங்கள், ஒரு சுற்று போவோம். முன்னால் இருவர்தான் உட்காரலாம், அதனால் முறைவைத்து.

கடைசியாக ஒரு விஷயம். என் கொட்டகையில் என்னுடையது அல்லாத சில சாமான்கள் கிடக்கின்றன. பாதி வளைந்த மரப்பிடிச் சுத்தியல் ஒன்று, கண்ணாடியில் கீறல் விழுந்த டயல் கேஜ் ஒன்று, பச்சை பெயிண்ட் அடித்த அரை அங்குல ராட்செட் ஒன்று. ராட்செட்டின் பிடியில் ஏதோ எழுத்து பொறித்திருக்கிறது, தேய்ந்துவிட்டதால் படிக்க முடியவில்லை. உங்களுடையது என்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். பிக்கப்பிலேயே.