குப்பத்துப் பல்கலைக்கழகமும் எல்லைப் பள்ளிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்தைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஊர்க்காரன் என்ற உரிமையோடு படித்தேன். 1997இல் ஆந்திர அரசு இயற்றிய சட்டத்தால், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்போடு அது உருவானதையும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த மொழியியலறிஞர் வ.அய். சுப்பிரமணியம் அதன் தொடக்கத்தில் இணைவேந்தராகப் பொறுப்பேற்று வழிகாட்டியதையும் கட்டுரையாளர் முறையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். 'இளம் பல்கலைக்கழகம்' என்று அவர் அழைப்பது, 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் பொருந்தும்தான். ஆனால் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்ட நிறுவனத்துக்கு வயதைக் காட்டி இனியும் சலுகை தர வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டுரையில் துறைகளின் பட்டியல் இருக்கிறது, ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வளாகத்தின் வருணனை இருக்கிறது. அந்த வளாகத்தைச் சுற்றி வாழும் மக்கள் மட்டும் இல்லை. சென்னை–பெங்களூரு இருப்புப்பாதையில் ஜோலார்பேட்டைக்கும் பங்காருப்பேட்டைக்கும் இடையே மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பட்டுக்கூடு விற்க வரும் விவசாயி தமிழில் விலை பேசி, தெலுங்கில் கணக்கெழுதி, கன்னடத்தில் வந்த தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்லிவிட்டுப் போவது இங்கே யாரும் திரும்பிப் பார்க்கிற காட்சியன்று. பல்கலைக்கழகத்தை இங்கே கொண்டுவந்து வைத்ததற்கே இந்த மக்கள்தான் காரணம். திராவிட மொழிகளின் உறவை ஆங்கில அதிகாரி எல்லிஸ் 1816இலும் பாதிரியார் கால்டுவெல் 1856இலும் சொல், இலக்கண ஒப்பீட்டால் நிறுவினார்கள்; அந்த உறவு அன்றாடம் வாயில் புழங்கும் ஊர்கள் பல்கலைக்கழக வாசலிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இருக்கின்றன.

நான் சொல்ல வந்தது இந்த ஊர்களின் பள்ளிக்கூடங்களைப் பற்றியது. பழைய சித்தூர் மாவட்டத்தில் குப்பம் தொடங்கி நகரி, சத்தியவேடு வரை தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. அதன்படி ஆந்திரத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன, பாடநூல்களும் அச்சாகின்றன. நான் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலம் முழுவதும் குறையாக இருந்தது ஆசிரியர்தான். தமிழ்நாட்டில் பயின்றவருக்கு இங்குள்ள பாடத்திட்டமும் அலுவலகத் தெலுங்கும் கைவராது. இங்கேயே பயின்றவருக்குத் தமிழ் பேச வருமே தவிரப் பிழையின்றி எழுத வராது. ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரம்பும் வரை தெலுங்குவழி ஆசிரியரே தமிழ் வகுப்பையும் பார்த்துக்கொள்வார், அதற்குள் பெற்றோர் பிள்ளையை ஆங்கிலவழிக்கு மாற்றிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட வகுப்பின் கட்டுரை ஏடுகளைத் திருத்தியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். தமிழ் வரியின் நடுவே, ககரம் 'ga' என்று ஒலிக்கும் இடத்தில், பிள்ளை அந்த ஒலிக்குரிய தெலுங்கு எழுத்தைப் போட்டுவிடும். அதைச் சிவப்பு மையால் அடித்துவிடுவது எளிது. அந்தக் குழந்தை இரண்டு எழுத்து முறைகளை ஒரே நேரத்தில் தலைக்குள் வைத்துக்கொண்டு, காதில் கேட்ட ஒலிக்கு நேர்மையாக எழுதியிருக்கிறது என்று விளங்கிக்கொண்டு, எங்கே எந்த எழுத்து என்று சொல்லித் தருவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். எங்களுக்கு அந்தப் பயிற்சியை யாரும் தரவில்லை. நாங்களாகத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டோம்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். ஆந்திர–தமிழக எல்லைச் சிக்கலுக்கு வழங்கப்பட்ட படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தபோது, செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. கோடு எங்கே விழுந்தாலும் இருபுறமும் சிறுபான்மையர் இருக்கத்தான் செய்வார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீட்டுப் பிள்ளைகள், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாகப் படிக்க வேண்டியவர்கள். அவர்கள் தமிழ் கற்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அவர்களின் தெலுங்கை அறிந்த ஒருவர் அந்தத் தமிழைக் கற்பித்தால் பிள்ளைகள் எவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள் என்பதை இந்தப் பக்கத்து அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும்.

திராவிடப் பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றுக்கும் மொழி, மொழிபெயர்ப்புத் துறைகள் இருக்கின்றன, மொழியியல் இருக்கிறது, கல்வியியலும் இருக்கிறது. இவற்றை ஒன்றாக இணைத்து இருமொழி ஆசிரியர் பயிற்சி ஒன்றைத் தொடங்கலாம். தமிழும் தெலுங்கும், அல்லது தெலுங்கும் கன்னடமும் சமமாக எழுதவும் கற்பிக்கவும் தெரிந்தவராகப் பட்டம் பெறுபவரை, எல்லை மாவட்டங்களின் சிறுபான்மை மொழிப் பள்ளிகளுக்கு ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் தகுதியுடையவராக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு மாநிலம் மட்டும் ஏற்றால் பட்டம் பாதிப் பயன்தான் தரும் என்பதால், இதற்கு ஆணையிடும் இடத்தில் இருப்பவர்கள் முதலில் பேசிக்கொள்ள வேண்டும். மாணவர் பயிற்சிக்காகப் பள்ளிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பேருந்தேறினால் அரை மணியில் வேறு மொழிப் பள்ளி வந்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் தெரிந்தவர்களில் பலருக்கு அது தொலைநிலை எம்.பில். பட்டத்தால்தான் தெரியும். அஞ்சல்வழி ஆய்வுப் பட்டங்களை 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு தடுத்தது நல்லதே. குப்பத்துக்கு ஒரு நாள்கூட வந்து தங்காமல் பெற்ற பட்டத்தால் குப்பத்துக்கு என்ன பயன் இருந்திருக்கும்? இங்கே வந்து, இந்த ஊர்ப் பள்ளியில் கரும்பலகைக்கு முன் நின்றால் மட்டுமே பெற முடிகிற பட்டம் ஒன்று இனியாவது வேண்டும்.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், அடுத்த முறை வளாகத்தோடு நின்றுவிடாமல் குப்பம் வட்டாரத்தின் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளையும், தமிழ்நாட்டு எல்லையில் வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குப் பள்ளிகளையும் பார்த்து, நிரப்பப்படாத ஆசிரியர் இடங்கள் எத்தனை என்பதை இரு மாநிலக் கல்வித் துறைகளிடமும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
குப்பம், சித்தூர் மாவட்டம்.