நிறுத்தச் சொன்னது எந்த மாத்திரையை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அண்ணனுக்கு 64 வயது. மூன்று வருடத்துக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தவர். மாசி மாதத் தொடக்கத்தில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. ஐந்து நாள் முன்னதாக டாக்டர் நிறுத்தச் சொன்னது ரத்தம் இளக்கும் க்ளோபிடோக்ரெலை மட்டும்தான், அதுவும் வாய்வார்த்தையாக. மைனி வீட்டுக்கு வந்து, "மாத்திரை எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லிட்டாவ" என்று டப்பாவையே பரண்மேல் வைத்துவிட்டார். ராத்திரி போடும் கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டினும் அதோடு போயிற்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், மறுபடி தொடங்க வேண்டிய க்ளோபிடோக்ரெல் எல்லாம் இருந்தன. கொழுப்பு மாத்திரை இல்லை. புதுச் சீட்டு வந்தால் பழையது செல்லாது என்பதுதான் நம் வீடுகளில் நினைப்பு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போன இடத்தில் நான் கேட்கப்போய்த்தான் விஷயம் தெரிந்தது. ஐந்து வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரை ரத்தத்தில் கொழுப்பைக் குறைப்பதோடு நிற்பதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு வெடித்துவிடாமல் பிடித்து வைக்கிறது, அங்குள்ள அழற்சியையும் தணிக்கிறது. ஆபரேஷன் நேரத்தில் இதயத்துக்கு வேலை கூடும். அந்த நேரம் பார்த்து இதை நிறுத்துவது சரியில்லை. ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்கள் ஆபரேஷன் சமயத்திலும் தொடர வேண்டும் என்றுதான் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2014 வழிகாட்டுதலும் சொல்கிறது. 'வெறும் வயிறு' என்று சொன்ன நாளிலும், டாக்டர் தொடரச் சொன்ன மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு போடலாம்.

அதற்காக, இதுவரை ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடாதவர்கள் ஆபரேஷனுக்கென்று கேட்டு வாங்கிப் போடவும் வேண்டாம். இதய ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பிருந்து ரோசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டினைக் கொடுத்துப் பெய்ஜிங்கில் சுமார் 1,900 பேரிடம் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. இதயத் துடிப்புக் கோளாறையோ இதயத் தசைப் பாதிப்பையோ அது தடுக்கவில்லை. சிறுநீரகப் பாதிப்புதான் கொஞ்சம் கூடியது.

மருத்துவமனைகளிடம் நான் கேட்பது ஒரு துண்டுச் சீட்டுதான். எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்துவது, எதை நிறுத்தவே கூடாது, திரும்ப எப்போது தொடங்குவது என்று பேர் பேராகத் தமிழில் எழுதிக் கொடுங்கள். நோயாளி வீட்டுக்குக் கிளம்பும்போது பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பாருங்கள். வாசகர்களும் டப்பாவை அப்படியே கையோடு கொண்டுபோய், மயக்க மருந்து டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள்.

ஒரு வாசகி,
திருநெல்வேலி.