உளவியல் படிக்க அமெரிக்கா: வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் இல்லாதவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் உளவியல் படிக்க விரும்பும் வெளிநாட்டு மாணவர்களுக்காகத் தங்கள் கல்வி இணைப்பிதழில் வெளிவந்த பல்கலைக்கழகப் பட்டியலைக் கண்டேன். அதில் இடம்பெற்றவை எல்லாமே நல்ல நிறுவனங்கள்தாம். ஆனால் வரிசை எண்ணைப் பார்த்து மேலிருந்து கீழாக விண்ணப்பித்துக்கொண்டே வந்தால் போதும் என்ற எண்ணத்தை அந்தப் பட்டியல் உண்டாக்கிவிடுகிறது. உளவியலில் அப்படிச் செய்வது கைக்காசோடு சில ஆண்டுகளையும் சேர்த்தே விழுங்கிவிடும். எங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்துவிட்டதால்தான் இந்தக் கடிதம்.

என் அண்ணன் மகள் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் நான்காண்டு உளவியல் படித்துத் தேறினாள். படிப்பு முடியும் தறுவாயில், நினைவாற்றலை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் மேலாளர் பணிக்கு அழைப்பு வந்தது. முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் பலரும் ஏறும் படி அது; வழக்கம்போல இரண்டாண்டு இருக்க வேண்டும் என்றார்கள். அன்றுதான் அவள், மாணவ விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 படிவத்தை எடுத்து, பாடப்பிரிவுக்கு எதிரே அச்சாகியிருந்த 42.0101 என்ற எண்ணை உற்றுப் பார்த்தாள். பொது உளவியலுக்குரிய குறியீடு அது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் அந்த எண் இல்லை. ஆகவே, படிப்புக்குப் பின் வேலை செய்ய எஃப்-1 என்ற மாணவ விசாவில் இருப்பவருக்குக் கிடைக்கும் ஓ.பி.டி. அனுமதி அவளுக்குப் பன்னிரண்டு மாதங்களோடு முடிந்தது. அதே துறையில், சிந்தனை, நினைவாற்றல் போன்றவற்றை ஆராயும் அறிதிறன் உளவியல் என்று இன்னொரு பிரிவு இருந்தது. அதன் குறியீடு 42.2701, அது பட்டியலில் உள்ளது. அதை எடுத்திருந்தால் கூடுதலாக 24 மாதங்களுக்கு விண்ணப்பித்திருக்கலாம். இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு மூன்றே தாள்கள். நான்கு ஆண்டுகளில் ஒருவரும் இதை அவளிடம் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

பட்டத்தின் பெயரில் 'அறிவியல்' என்று இருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பி.ஏ.வா பி.எஸ்.ஸா என்பது இதைத் தீர்மானிப்பதில்லை. அந்த ஆறு இலக்கக் குறியீடுதான் தீர்மானிக்கிறது. ஒரே பாடத்துக்கு இரு பல்கலைக்கழகங்கள் இரு வேறு குறியீடுகள் கொடுத்திருப்பதும் உண்டு. இடம் கிடைத்தபின் முன்பணம் கட்டுவதற்கு முன்னால், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி இதைக் கேட்டுவிடலாம். அந்த விதிகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் பட்டியலையே பார்க்க வேண்டும்.

அடுத்தது, எந்த உளவியல் என்ற கேள்வி. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆளுமையை அளக்கும் எம்.எம்.பி.ஐ. சோதனை பிறந்தது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் அறிதிறன் சிகிச்சையை வளர்த்தார், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வு நிறுவனம் 1949 முதல் பெரும் கணக்கெடுப்பு ஆய்வுகளுக்குப் பெயர்போனது, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 1986இல் அறிதிறன் அறிவியலுக்கென்றே தனித்துறை தொடங்கினார்கள், எம்.ஐ.டி.யிலோ உளவியல் என்ற பெயரில் துறையே கிடையாது, மூளை மற்றும் அறிதிறன் அறிவியல் துறைதான் உண்டு. இவற்றையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால், படிக்கப்போகிறவருக்கு அதில் என்ன தெரியும்? முனைவர் படிப்புகளுக்கு யு.எஸ். நியூஸ் என்ற செய்தி நிறுவனம் வெளியிடும் உளவியல் தரவரிசை, பிற பல்கலைக்கழகத்தார் அளிக்கும் மதிப்பெண்ணை மட்டுமே வைத்துத் தயாராவது. துறையின் செல்வாக்கை அது காட்டும். இன்று அங்கே யார் இருக்கிறார்கள் என்பதைக் காட்டாது. பெக் 2021இல் காலமாகிவிட்டார்.

இளநிலைக்குச் செல்பவர் எந்த ஆய்வகம் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவரை உதவியாளராகச் சேர்த்துக்கொள்கிறது என்று பார்ப்பது நல்லது. ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற சிறு கல்லூரிகளில் முனைவர் பட்ட மாணவர்களே இல்லை என்பதால், பேராசிரியருடன் அமர்ந்து தரவு சேகரிப்பவர் இளநிலை மாணவராகவே இருப்பார். இந்த இரண்டும், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மவுத் போன்ற இன்னும் சிலவும், வெளிநாட்டவர் நிதியுதவி கேட்கிறார் என்பதற்காகவே விண்ணப்பத்தை ஒதுக்குவதில்லை. பெரும்பாலான மற்ற நிறுவனங்களில் உதவி கேட்பதே இடம் கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும். கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் தேவை அடிப்படையிலான உதவி வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு ஏறத்தாழ இல்லை என்றே கொள்ளலாம். வெளிமாநிலத்தார் கட்டும் கூடுதல் கட்டணமும் அவர் தலையில்தான் விழும்.

மனநல சிகிச்சை அளிப்பதே குறிக்கோள் என்றால் கணக்கே வேறு. இளநிலைப் பட்டத்தால் உளவியலாளர் உரிமம் கிடைக்காது; பெரும்பாலான மாநிலங்களில் முனைவர் பட்டமும், மேற்பார்வையில் பெற்ற பயிற்சியும், இ.பி.பி.பி. என்ற தேர்வும் தேவை. (முதுநிலையோடு ஆலோசகர் உரிமம் பெறும் வழி தனியாக உண்டு, அதன் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும்.) அமெரிக்க உளவியல் சங்கம் மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், பள்ளி உளவியல் போன்றவற்றின் முனைவர் படிப்புகளுக்கு அங்கீகாரம் அளிக்கிறது; இளநிலைப் படிப்புகளுக்கு அளிப்பதில்லை. 'எங்கள் இளநிலைப் படிப்பு அங்கீகாரம் பெற்றது' என்று யாரேனும் முகவர் சொன்னால், எந்த அங்கீகாரம் என்று திருப்பிக் கேளுங்கள். பிஎச்.டி.யில் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடியாகி உதவித்தொகையும் கிடைக்கும், சிகிச்சைப் பயிற்சியை முதன்மையாகக் கொண்ட சை.டி. என்ற முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் சொந்தப் பணம் அல்லது கடன்தான்.

அங்கீகாரம் பெற்ற முனைவர் படிப்பு ஒவ்வொன்றும் தன் இணையதளத்தில் ஒரு புள்ளிவிவரப் பக்கத்தை வெளியிட்டே ஆக வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், முடிக்க எத்தனை ஆண்டு ஆனது, எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், பயிற்சியிடம் பெற்றவர் எத்தனை பேர், உரிமம் பெற்றவர் எத்தனை பேர் என எல்லாம் அதில் இருக்கும். கண்கவர் விளம்பரச் சிற்றேடுகளைப் புரட்டுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தை ஒரு மணி நேரம் படிக்கலாம். பல படிப்புகளில் விண்ணப்பம் துறைக்கு அல்ல, ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியருக்கு என்பதையும் மறக்கக் கூடாது. அவர் அடுத்த ஆண்டு மாணவரை எடுக்கிறாரா என்பது பெரும்பாலும் அவருடைய பக்கத்திலேயே எழுதியிருக்கும். எடுக்கவில்லை என்றால் அந்த விண்ணப்பக் கட்டணம் வீண்.

வெளிநாட்டு மாணவர் மட்டுமே மோதும் சுவர் ஒன்றும் உண்டு. இந்த முனைவர் படிப்புகளில் பட்டம் பெறும் முன் ஓராண்டு முழுநேரப் பயிற்சி கட்டாயம். அந்நாட்டில் உளவியலாளர்களுக்குப் பெருமளவில் பயிற்சி தரும் முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகள், அமெரிக்கக் குடிமக்களையே அந்த இடங்களுக்கு எடுக்கின்றன. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் முதுநிலை ஆய்வு உதவித்தொகையும் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. ஆகவே நேர்காணலில், 'இதற்கு முன் இங்கே படித்த வெளிநாட்டு மாணவர்கள் எங்கே பயிற்சி பெற்றார்கள்?' என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பதில் சொல்லத் தடுமாறும் துறையில் அவர்கள் அதிகம் படித்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்த முறை தங்கள் இணைப்பிதழில் இத்தகைய பட்டியல் வரும்போது, வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் அந்த ஆறு இலக்கக் குறியீட்டையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்