அப்பாவோடு சண்டை போட்டவருக்கு நன்றி

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார், எழுந்ததும் பேப்பர் எங்கே என்று கேட்டார். காலில் கொஞ்சம் வீக்கம், மற்றபடி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறதி நோய் உள்ள அப்பா வீட்டை விட்டுப் போய்க் காணாமல்போனது உங்கள் எல்லாருக்கும் தெரியும். மறுபடி அதை எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். கை இன்னும் ஒரு நிலையில் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் படத்தைக் குழுவுக்குக் குழு அனுப்பியவர்கள், எங்கள் புளோக்கில் மாடி மாடியாக ஏறி இறங்கிய மலாய்ப் பிள்ளைகள், வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போன பஸ் டிரைவர்கள், சாப்பாடு டெலிவரிக்குப் போகிற வழியில் தேடிய சைக்கிள் தம்பிகள், காலாங் ரோடு மன்மத காருணீஸ்வரர் கோயிலிலிருந்து கிளம்பிவந்த இளைஞர்கள், விடுமுறை நாளை எங்களுக்காகச் செலவழித்த கட்டுமானத் தொழிலாளிகள், போலீஸ்காரர்கள், அந்த மலாய் இன்ஸ்பெக்டர் அம்மா. யாரையும் தனித்தனியாகச் சொல்லவில்லையே என்று நினைக்காதீர்கள். ஒருவர் பெயரை எழுதி இன்னொருவரை விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சோறு சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் போன எதிர்வீட்டு அக்காவும் இதில் அடக்கம்.

இனி அந்த ஒருவரைப் பற்றி. பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். கேலாங் பக்கம் காப்பிக்கடை வைத்திருக்கிற சீனர். அப்பாவைவிட நாலைந்து வயது இளையவராக இருக்கலாம். பனியனும் அரைக்கால்சட்டையும் போட்டு, காதில் பென்சில் செருகியிருப்பார். இதற்குமேல் சொல்ல மாட்டேன்.

அப்பா அவர் கடை முன்னால் நின்று கேட்டது இது: "ஹேப்பி வேர்ல்டுக்கு எந்தப் பக்கம் வாசல்? குஸ்தி பார்க்கணும்."

இருவரும் பேசியது அந்தக் காலத்துப் பசார் மலாயில், அதாவது சந்தை மலாயில். கடைக்காரர் எனக்குச் சொன்னதை வைத்துத் தமிழில் தருகிறேன்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் அப்போது 'வேர்ல்டு' என்ற பெயரில் மூன்று கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. ஜாலான் புசாரில் நியூ வேர்ல்டு, 1923இல் வந்தது. கிம் செங் ரோட்டில் கிரேட் வேர்ல்டு, 1931. கடைசியாக 1937இல் கேலாங் ரோட்டுக்கும் மவுண்ட்பேட்டன் ரோட்டுக்கும் நடுவே ஜார்ஜ் லீ என்ற வணிகர் திறந்தது ஹேப்பி வேர்ல்டு. அதே வருஷம்தான் பக்கத்தில் காலாங் விமான நிலையமும் திறந்தார்கள். உள்ளே கபரே, சினிமா, பங்சாவான் என்ற மலாய் நாடகம், ராட்டினம், சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு. மூன்றிலும் இவை கிடைக்கும். ஹேப்பி வேர்ல்டுக்குப் பெருமை தந்தது கூரை போட்ட அதன் பெரிய அரங்கம். மழை வந்தாலும் ஆட்டம் நிற்காது. குத்துச்சண்டை, குஸ்தி, கூடைப்பந்து எல்லாம் அங்கே நடந்தன. 1952 தாமஸ் கிண்ணப் பூப்பந்து இறுதியாட்டம் நடந்ததும் அதே கூரைக்கடியில்தான். அமெரிக்காவை மலாயா 7க்கு 2 என்று தோற்கடித்தது. வோங் பெங் சூனும் ஓங் போ லிம்மும் ஆடினார்கள்.

எங்கள் தாத்தாவுக்கு அந்த அரங்கம்தான் சோறு போட்டது. அவர் கச்சாங் பூத்தே விற்றவர். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு எல்லாம் தட்டில் அடுக்கி, கேட்டவர்களுக்குக் காகிதக் கூம்பில் அள்ளிப் போடுவார். கூம்பு சுருட்டுவது அப்பாவின் வேலை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். சண்டை தொடங்கிக் கூட்டம் உள்ளே போனதும் வெளியே வியாபாரம் ஓய்ந்துவிடும். வாசல்காரருக்கு ஒரு கூம்பு கடலை கொடுத்தால் பையனை உள்ளே விட்டுவிடுவார். அப்படித்தான் அப்பா கிங் காங்கைப் பார்த்தது.

கிங் காங் என்பது மேடைப் பெயர். ஆள் எமில் சாயா என்ற ஹங்கேரியர். உலகமெல்லாம் சுற்றிவிட்டுச் சிங்கப்பூரிலேயே குடியிருந்தார். மலை மாதிரி ஆள். தாரா சிங்குக்கும் இந்த ஊர்தான் ஆரம்பம், அது பலருக்குத் தெரியாது. பஞ்சாபிலிருந்து 1940களின் கடைசியில் இங்கே வந்து ஆலை வேலை பார்த்தார். கிரேட் வேர்ல்டு அரங்கத்தில் ஹர்னாம் சிங்கிடம் குஸ்தி கற்றுக்கொண்டார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்துப் பெயர் வாங்கினார். பிற்பாடு தொலைக்காட்சியில் அனுமாராக வந்தபோது எங்கள் வீட்டில் அப்பா மட்டும் கை கூப்பவில்லை. "அவன் கிங் காங்கைத் தூக்கினதை நான் பார்த்தவன், சஞ்சீவி மலை என்ன பிரமாதம்" என்றார்.

1966இல் ஹேப்பி வேர்ல்டு என்ற பெயரை கே வேர்ல்டு என்று மாற்றினார்கள். அப்பா வயதுக்காரர்கள் மாற்றவில்லை. பிறகு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது, பேரங்காடிகள் வந்தன, கூட்டம் குறைந்தது. 2000ஐ ஒட்டி எல்லாவற்றையும் மூடி இடித்துவிட்டார்கள். நியூ வேர்ல்டு இருந்த இடத்தில் பழைய வாசலின் வடிவிலாவது ஒரு வளைவு நிற்கிறது. கிரேட் வேர்ல்டின் பெயர் ஒரு பேரங்காடிக்குப் போயிற்று. தாத்தா தட்டு வைத்திருந்த இடத்தைக் காட்டு என்றால் என்னால் காட்ட முடியாது.

ஆகவே, அப்பா கேட்ட கேள்விக்கு யாரும் சொல்லக்கூடிய பதில், அப்படி ஓர் இடமே இப்போது இல்லை என்பதுதான். அதைச் சொல்லியிருந்தால் அப்பா நம்பியிருக்க மாட்டார், நடையைக் கட்டியிருப்பார். எந்தப் பக்கம் போயிருப்பார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. பிறகு சொன்னாராம்: "குஸ்தி ராத்திரிதான். இன்னும் வாசல் திறக்கல. உட்காரு, கோப்பி குடி."

இதுவரைக்கும் நல்ல மனது உள்ள யாரும் செய்திருப்பார்கள். அப்பா உட்கார்ந்தார், பால் இல்லாத கோப்பி-ஓ குடித்தார், கிளம்ப எழுந்தார். அப்போதுதான் அந்த மனிதர் செய்தார் ஒரு காரியம். "ஆமா, குஸ்திக்கு எதுக்குப் போறே? அது அத்தனையும் வாயாங், வெறும் நடிப்பு. யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிடுவாங்க. பாக்சிங் பாரு, அது நிஜம்" என்றாராம்.

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் கேட்கக் கேட்க அழுகை வந்தது. வேலிக்கயிற்றில் கிங் காங் சாய்ந்தபோது கம்பமே ஆடியது, அதை எப்படி நடிப்பது என்று அப்பா கேட்டிருக்கிறார். உடம்பு கனம் நிஜம், சண்டைதான் பொய் என்று இவர் சொல்லியிருக்கிறார். தாரா சிங்கின் வியர்வை தன் கூம்பில் தெறித்ததாக அப்பா. வியர்வை அங்கே எல்லாருக்கும்தான் தெறிக்கும், அந்தப் புழுக்கத்தில் கடலை விற்றவனுக்கும் தெறித்திருக்கும் என்று இவர். கடைசியில் இவர் பெரிய ஆயுதத்தை எடுத்திருக்கிறார். இவருடைய அண்ணன் அந்த அரங்கத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவராம். ஒருவனை ஒருவன் கொன்றுவிடுவது போல மோதிய இரண்டு பேர், ஆட்டம் முடிந்து ஒரே மேசையில் உட்கார்ந்து பா குட் தே என்ற பன்றி எலும்புச் சூப் சாப்பிட்டதை அண்ணன் கண்ணால் பார்த்தாராம்.

அதற்கு அப்பா சொன்ன பதில்: "சண்டை முடிஞ்சா சேர்ந்து சாப்பிடக் கூடாதா?"

கடைக்காரருக்கு வாய் அடைத்துவிட்டது. "அறுபது வருஷமா இந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் மடக்கிட்டு இருந்தேன். உங்கப்பா ஒரே போடா போட்டுட்டாரு" என்று என்னிடம் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். பேச்சு வேகத்தில், "கிங் காங்தான் செத்துப்போயிட்டானே" என்று வாய்தவறி வந்துவிட்டதாம். ஐயோ, கிழவர் கலங்கிவிடுவாரே என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறார். அப்பாவோ அசையவில்லை. "தெரியும். 1970, கார் விபத்து" என்றாராம். கிங் காங் இறந்தது அப்பாவுக்குத் தெரியும். அரங்கத்தை இடித்ததுதான் தெரியாது. அந்த மண்டைக்குள் எது நிற்கிறது, எது போகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

இந்தச் சண்டை நடக்கும்போதே பக்கத்தில் பிராட்டா போடுகிற தம்பி கைப்பேசியில் அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டான். கடைக்காரர் அவனுக்குக் கண்ணைக் காட்ட, அவன் பின்பக்கம் போய் எனக்கு அழைத்தான். தம்பி, உனக்கும் நன்றி. நீ பேசியது பாதி எனக்குக் கேட்கவில்லை, நான் கத்திக்கொண்டிருந்தேன்.

காரை விட்டு இறங்கும் முன்பே அப்பாவின் குரல் கேட்டது. ஓங்கிய குரல். மேசையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

இந்த நோயோடு ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். எதிர்த்துப் பேசாதீர்கள், தப்பைத் திருத்தாதீர்கள், போகிற போக்கில் தலையாட்டுங்கள் என்று சொல்லித்தருவார்கள். அது சரியான அறிவுரைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நேற்று தீபாவளி என்றால் ஆமாம்ப்பா. அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள் என்றால் ஆமாம்ப்பா. வீடு முழுக்க ஆமாம்ப்பா. ஆனால் அப்பா தொழிற்சங்கத்தில் இருந்த ஆள். துறைமுகத்தில் யாரோடும் வாதாடி ஜெயிக்கிறவர் என்று பெயர் எடுத்தவர். எதற்கெடுத்தாலும் ஒத்துக்கொள்கிற ஜனங்களுக்கு நடுவே அவர் வாதாடுவதற்கு யார் இருந்தார்கள்? அந்தக் காப்பிக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர், "நீ சொல்றது தப்பு" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். நோயாளியிடம் பேசுவது போலப் பேசவில்லை. குஸ்தி தெரிந்தவனிடம் பேசுவது போலப் பேசியிருக்கிறார்.

கட்டிப்போட்டாலும் நிற்காத மனிதரை அத்தனை நேரம் நாற்காலியில் உட்கார வைத்தது அதுதான்.

குஸ்தியில் யார் கட்சி என்று என்னைக் கேட்டால், நான் கடைக்காரர் கட்சி. அந்தக் காலத்துத் தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவை முன்பே பேசி வைப்பது உலகமெங்கும் நடந்ததுதான். ஆனாலும் அத்தனை கனமுள்ள ஆளைத் தலைக்குமேல் தூக்கி எறிய முதுகெலும்பு வேண்டும், விழுகிறவனுக்கும் வித்தை வேண்டும். இதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

கோப்பிக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. சிவப்பு உறையில் அங் பாவ் வைத்துக் கொடுத்தேன், கோபித்துக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டு வா. பாக்சிங் பத்திப் பேச்சு பாதியில நிக்குது" என்றார். கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறேன், ஒவ்வொரு ஞாயிறும், அப்பாவால் நடக்க முடிகிற வரைக்கும். என் தம்பி இதற்காகவே சனிக்கிழமை ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். அப்பா சொல்வதையெல்லாம் ஒலிப்பதிவு செய்வதாகவும் இருக்கிறோம். சரியோ தப்போ, அந்த அரங்கத்தில் கடலை விற்றவன் பிள்ளை சொன்னதாக ஒரு பேச்சு இருக்கட்டும்.

இவ்வளவு செய்த உங்களிடம் இன்னும் இரண்டு உதவி கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் ஹேப்பி வேர்ல்டு அரங்கத்தின் படமோ, குஸ்தி நோட்டீஸோ, நுழைவுச்சீட்டோ இருந்தால் ஒரு நகல் அனுப்புங்கள். மேசை மேல் போட்டால் இரண்டு பேருக்கும் சண்டைக்குக் காரணம் கிடைக்கும். மற்றொன்று, அப்பாவின் படத்தையும் என் எண்ணையும் போட்டுப் பகிர்ந்தவர்கள் அதை இப்போது நீக்கிவிடுங்கள். இன்றைக்குக் காலையில்கூட ஈசூனிலிருந்து ஓர் அம்மா அழைத்து, உங்கள் அப்பா மாதிரியே ஒருவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றார். அவர் வேறு யாரோ, வீட்டார் கீழே வந்து அழைத்துப்போய்விட்டார்களாம். அந்த அம்மாவுக்கும் நன்றி.