லாட் நம்பர் இல்லாத டிசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வணிகப் பக்கத்தில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு அவ்வப்போது யோசனை சொல்கிறீர்கள். எங்கே கடன் கிடைக்கும், எந்தக் கண்காட்சியில் ஸ்டால் போடலாம், எந்த ஆப் வாங்கினால் ஆபீஸ் வேலை பாதியாகக் குறையும் என்றெல்லாம் வருகிறது. முதல் இரண்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

திருப்பூரில் ஒரு பவர் டேபிளில் கணக்குப் பார்க்கிறேன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஏற்றுமதிக் கம்பெனிகள் துணியை வெட்டி பண்டல் பண்டலாக அனுப்புவார்கள், நாங்கள் தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்துத் திருப்பி அனுப்புவோம். வரும்போதும் போகும்போதும் சரக்கோடு போகிற சீட்டுதான் டிசி, அதாவது டெலிவரி சலான். தையல் கூலி மட்டும் எங்களுக்கு. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து முப்பது மெஷின் சொச்சம். ஆபீஸ் என்பது செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் பிளைவுட் வைத்துத் தடுத்த ஒரு அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பீரோ, நான். உதவிக்கு ஒரு பெண் போன வருடம்தான் வந்தாள்.

இந்த மாதிரி ஆபீஸ்கள் திருப்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. எல்லாவற்றிலும் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் இருக்கிறது. இருந்தும் பாதி ஆபீஸில் சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பாருங்கள், "ஏனுங்க, அந்த நேவி லாட்டோட டிசி எங்கீங்க?" என்று முதலாளி கேட்பார், கணக்குப் பார்க்கிற பெண் மேஜை மேல் இருக்கிற காகிதத்தையெல்லாம் புரட்டிக்கொண்டிருப்பாள். டேலி என்ன செய்யும்? நாம் அடித்ததைத்தான் அது காட்டும். சரக்கு கைமாறுகிற நேரத்தில் யாரும் எழுதாததை எந்த சாஃப்ட்வேராலும் பிறகு கண்டுபிடித்துத் தர முடியாது.

எங்கள் தொழிலில் எல்லாமே எண்ணிக்கை. 2,400 பீஸ் வந்தது என்று டிசியில் போட்டிருக்கும். பண்டலைப் பிரித்து எண்ணினால் 2,388 இருக்கும். அந்த 12 பீஸை வண்டிக்காரர் கிளம்புவதற்குள் டிசியிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை என்றால் அந்தக் குறை நம் தலையில்தான் விழும். பில் போடும்போது ஷார்ட்டேஜ் என்று டெபிட் போடுவார்கள். கழிப்பது தையல் கூலியை அல்ல, முழு பீஸின் விலையை. ஒரு பீஸில் நமக்கு மிஞ்சுவது சில ரூபாய். பன்னிரண்டு பீஸ் போனால் எத்தனை பீஸ் தைத்த லாபம் போகும் என்பதை உங்கள் வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். அதே மாதிரி, வெட்டும்போதே ஓட்டை விழுந்த பீஸ், கறை இருந்த பீஸ் எல்லாம் வந்த அன்றே தனியாக எழுதப்பட வேண்டும். தைத்த பிறகு சொன்னால் "உங்க டெய்லர்தான் கெடுத்துட்டாரு" என்பார்கள்.

ஆகவே எங்கள் ஆபீஸில் ஒரே ஒரு சட்டம்தான். டிசி எழுதாமல் ஒரு பண்டல்கூட கேட்டைத் தாண்டக் கூடாது, உள்ளேயும் சரி, வெளியேயும் சரி. முதலாளியே டூவீலரில் நான்கு சாம்பிள் பீஸ் எடுத்துக்கொண்டு போனாலும் எழுத வேண்டும். முதலில் அவருக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம பீஸை நாமளே கொண்டு போறதுக்கு எதுக்குங்க டிசி?" என்றார். நம்முடைய பீஸ் இல்லைங்க, கம்பெனியோட பீஸ் என்றேன். ஜிஎஸ்டி சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குத் தைக்க வந்த சரக்கு, அனுப்பியவருடைய சரக்கு. ஒரு வருடத்துக்குள் அவருக்குத் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். சலான் மூன்று பிரதி போட வேண்டும்: ஒன்று வாங்குகிறவருக்கு, ஒன்று வண்டிக்கு, ஒன்று அனுப்புகிறவருக்கு. நம் கையில் தங்குகிற அந்த ஒரு பிரதியில் வாங்கியவர் கையெழுத்தும் தேதியும் இல்லை என்றால் அது வெறும் காகிதம்.

இந்தத் தேதி விஷயம் எவ்வளவு முக்கியம் என்று பல முதலாளிகளுக்கே தெரியாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன வளர்ச்சிச் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதத்துக்கு மாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் 43பி(எச்) என்று ஒரு பிரிவு வந்தது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருடம் வரைக்கும் பெரிய கம்பெனி தன் செலவாகக் காட்ட முடியாது. 2024 மார்ச் மாதம் பல பவர் டேபிள்களுக்குப் பழைய பாக்கி மடமடவென்று வந்தது இதனால்தான்.

சரி, 45 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து. வாங்கியவர் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். போய்ச் சேர்ந்த நாளுக்கு என்ன சாட்சி? நம் டிசியில் இருக்கிற அந்தக் கையெழுத்தும் தேதியும்தான். அதை மழையில் நனையவிட்டோ, டிரைவர் சட்டைப் பையிலேயே துவைக்கவிட்டோ விட்டால் சட்டம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. எங்களிடம் டிரைவர் திரும்பி வந்ததும் முதல் வேலை டிசியை ஆபீஸில் கொடுப்பது. டீ அதற்கப்புறம்தான்.

இந்த நிலுவைப் புகார்களை விசாரிக்கிற அரசு கவுன்சிலுக்கு யாரும் சட்டென்று புகார் எழுதப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. ஆனால் பணம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் கம்பெனி வாரியாக நிலுவைப் பட்டியல் எடுக்கிறேன்: பில் நம்பர், டிசி நம்பர், கொடுத்த தேதி, எத்தனை நாள் ஆயிற்று. அதை டிசி நகலோடு அந்தக் கம்பெனியின் கணக்காளருக்கு அனுப்பிவிடுவேன். கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை. அவரும் என்னைப் போல ஒரு மேஜையில் உட்கார்ந்திருப்பவர்தானே? எந்த ஜாப் ஒர்க்காரருக்குப் பணம் போடலாம் என்று அவர் முதலாளி கேட்கும்போது, காகிதம் சரியாக இருக்கிற பார்ட்டி பெயரைத்தான் அவரும் முதலில் சொல்வார்.

இப்போது வாட்ஸ்அப் சங்கதிக்கு வருகிறேன். பெரிய கம்பெனிகளில் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர்கள் இன்று ஆர்டரை எழுதுவதே இல்லை. வாய்ஸ் மெசேஜ். "அண்ணா, அந்த நேவி ப்ளூவை வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க." எந்த நேவி? அவர்கள் கம்பெனியிலிருந்து மட்டும் மூன்று ஸ்டைலில் நேவி ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் வருவது சூப்பர்வைசரின் சொந்த போனுக்கு. அவர் வேலையை விட்டுப் போனால் ஆர்டரும் அவரோடு போய்விடும். நாங்கள் ஆபீஸுக்கென்று தனி நம்பர் வாங்கினோம். வாய்ஸில் எது வந்தாலும் அதைக் கேட்டு, "லாட் 114, நேவி, 2,400 பீஸ், வெள்ளி மாலை டெலிவரி, சரியா?" என்று எழுத்தில் திருப்பி அனுப்புவோம். "சரி" என்று பதில் வந்த பிறகுதான் லைனில் ஏற்றுவோம். சில பேருக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும்.

அரசுக்குக் கட்ட வேண்டிய தேதிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பிடித்த வரியான டிடிஎஸ் 7-ஆம் தேதி, விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதி, பிஎஃப், இஎஸ்ஐ 15-ஆம் தேதி, ஜிஎஸ்டி கட்டுகிற ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதி. சுவரில் தொங்குகிற மாதக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன், ஆனால் ஒவ்வொன்றையும் மூன்று நாள் முன்கூட்டி. கடைசி நாள் சாயங்காலம் போர்ட்டல் எப்படி நகரும் என்று ஊருக்கே தெரியும். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அதைவிடப் பெரிய அடி பிஎஃப்பில் இருந்தது. தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பங்கை ஒரு நாள் பிந்திக் கட்டினாலும் அதை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. பிஎஃப் கட்ட முடியாமல் தடுமாறுவதற்குப் பல சமயம் காரணம் பணமே இல்லை. ஆதாரில் ஒரு பெயர், பழைய கம்பெனி கொடுத்த யுஏஎன் என்ற பிஎஃப் எண்ணில் இன்னொரு பெயர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பிள்ளைகளின் பெயரை அவசரத்தில் காதில் விழுந்தபடி யாரோ அடித்திருப்பார்கள். சேர்ந்த முதல் நாளே ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தால் இந்தத் தலைவலி கிடையாது.

காலையில் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நான் போன் எடுப்பதில்லை. முந்தின நாள் டிசி எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் டேலியில் ஏறிவிடும். அவசரம் என்றால் உள்ளே வந்து சொல்லட்டும். உள்ளே வந்து சொல்கிற அளவுக்கு அவசரம் அநேகமாக யாருக்கும் இருப்பதில்லை.

பழைய காகிதங்களை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். திருப்பூரில் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்? பேக்கிங் கார்ட்டனில் மாதவாரியாகக் கட்டி வைக்கிறோம். வருடத்தைப் பெட்டியின் மேலே எழுதாதீர்கள், பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் மேலே எழுதியது யாருக்குத் தெரியும்? இரும்பு ரேக் ஒன்று கேட்டு வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. புது ஜூகி மெஷின் வாங்க ஒரு வாரத்தில் முடிவெடுக்கிற முதலாளிகள், ஆபீஸுக்கு ஒரு ரேக் என்றால் மட்டும் அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்பார்கள். இரண்டாவது ஆள் வைப்பதும் அப்படித்தான். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் பில்லே போகாது என்ற நிலைமை எனக்குப் பெருமையில்லை, கம்பெனிக்குத்தான் ஆபத்து. இப்போது உதவிக்கு வந்த பெண் வாரத்தில் ஒரு நாள் முழு ஆபீஸையும் தனியாகப் பார்க்கிறாள். அன்று நான் செக்கிங் டேபிளில் போய் உட்கார்ந்து பீஸ் எண்ணுகிறேன்.

கடைசியாக, இந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடிய பெரிய கம்பெனிக்காரர்களுக்கு இரண்டு வேண்டுகோள். எங்கள் மேஜையில் இருக்கிற குழப்பத்தில் பாதி உங்கள் மேஜையிலிருந்து வருகிறது. டிசியில் ஸ்டைல் பெயரும் கலரும் மட்டும் போடாமல், லாட் நம்பரும் ஆர்டர் நம்பரும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம், பணம் போடும்போது எந்த பில்லுக்கு என்று ஒரு வரி அனுப்புங்கள். ஒரு லட்ச ரூபாய் பில், ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து 1,05,000. எங்களுடையது தனிநபர் நிறுவனம், டிடிஎஸ் 1 சதவீதம் கழித்தால் 1,04,000 வர வேண்டும். இப்படி இரண்டு பில்லுக்கு 2,08,000 எதிர்பார்த்திருக்கும்போது 1,99,350 வந்து விழும். மீதி 8,650 என்ன? ஷார்ட்டேஜா, டெபிட்டா, போன மாதத்து ஏதாவதா? டெபிட் நோட்டும் வராது. அதைக் கண்டுபிடிக்க உங்கள் ஆபீஸில் மூன்று பேரிடம் மாற்றி மாற்றிப் பேச வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அது ஒரு நிமிட வேலை.

உங்களுக்கும் ஒரு விண்ணப்பம், ஐயா. ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி வணிகப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போட்டு, அந்த மாதம் எந்தெந்தத் தேதியில் என்ன கட்ட வேண்டும், எதற்காவது கெடு நீட்டித்திருக்கிறார்களா என்று வெளியிடுங்கள். நீட்டிப்புச் செய்தி வாட்ஸ்அப்பில் வரும்போது பாதி பொய்யாக இருக்கிறது. பேப்பரில் வந்தால் வெட்டி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.

(பெயரையும் கம்பெனியையும் வெளியிட வேண்டாம். முதலாளி உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறார்.)